நல்ல வருடத்துப் பணம்

அக்டோபர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தைப் படிக்கத் தொடங்கினால், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் ஓடும். "நமக்கு என்னா?" உதவித்தொகை கூடுதா, பெட்ரோல் ஏறுதா, எதுக்கு வரி போட்டாங்க. அரசாங்கம் இந்த வருடம் எவ்வளவு எடுத்து வைத்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்காததிலும் நியாயம் இருக்கிறது. மத்திய அரசாங்கத்தின் கையில் செலவு போக மிச்சம் இருந்த கடைசி வருடம் 1997. நான் பிறந்த வருடம் அது. 1998இல் ஆசிய நிதி நெருக்கடியோடு பற்றாக்குறை ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட மிச்சம் இல்லை. என் வயதுக்காரர்கள் யாரும் வாழ்நாளில் உபரி என்ற ஒன்றைப் பார்த்ததில்லை.

அதனால்தான், "நல்ல வருடத்தில் வரும் கூடுதல் வரிப்பணத்தை அரசாங்கம் கஷ்டகாலத்துக்கு ஒதுக்கி வைக்கணும்" என்று நான் சொன்னபோது பெரியப்பா மகன் அண்ணன் சிரித்தார்.

"மிச்சமே இல்லாத வூட்ல உண்டியல எங்க வைக்கிறதுன்னு பேசிக்கிட்டு இருக்கியே தம்பி."

நல்ல பதில்தான். ஆனால் மிச்சம் இல்லை என்பது ஒன்று, நல்ல வருடமே வரவில்லை என்பது வேறொன்று. நமக்கு நல்ல வருடங்கள் வந்தன. 2011இலிருந்து 2014 நடுப்பகுதி வரை கச்சா எண்ணெய் பெரும்பாலும் ஒரு பீப்பாய் 100 அமெரிக்க டாலருக்கு மேல் விற்றது. அதற்குச் சற்று முன்பு, 2009இல், மத்திய அரசாங்கத்தின் வருமானத்தில் 100 வெள்ளிக்குச் சுமார் 40 வெள்ளி எண்ணெய், எரிவாயு வழியாகவே வந்தது. பெட்ரோனாஸ் அந்தக் காலத்தில் அரசாங்கத்துக்குக் கொடுத்த லாப ஈவு மட்டும் வருடத்துக்கு 30 பில்லியன் ரிங்கிட் வரை போனது. சம்பளத்துக்கும் மானியத்துக்கும் ரோட்டுக்கும் அது அந்தந்த வருடமே கரைந்தது. மேலே கொஞ்சம் கடனும் வாங்கினோம்.

எடுத்து வைக்க நம்மிடம் இடம் இல்லாமலும் இல்லை. 1988இலேயே சட்டம் போட்டு ஒரு நிதியை உண்டாக்கினார்கள். மலாயில் கூம்புலான் வாங் அமானா நெகாரா, சுருக்கமாகக் குவான். பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் செல்வம் தீர்ந்து போகும், ஆகவே பின்னால் வருகிற தலைமுறைக்கு ஒரு பங்கை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் நோக்கம். பேங்க் நெகாரா பார்த்துக்கொள்கிறது. எல்லாரும் உதாரணம் காட்டும் நார்வே தன் எண்ணெய் நிதிக்குச் சட்டம் போட்டது 1990இல், முதல் பணம் போட்டது 1996இல். யோசனையில் நாம் அவர்களுக்கு மூத்தவர்கள்.

வித்தியாசம் போட்ட பணத்தில் இருக்கிறது. நார்வேயில் எண்ணெயிலிருந்து அரசாங்கத்துக்கு வரும் வருமானம் முழுவதும் முதலில் நிதிக்குள் போகும். பிறகு, நிதியிலிருந்து நீண்டகாலத்தில் எதிர்பார்க்கும் லாபத்தின் அளவுக்குத்தான் வரவுசெலவுத் திட்டத்துக்கு எடுக்கலாம். அந்த அளவை முதலில் 4 விழுக்காடு என்று வைத்திருந்தார்கள், 2017இல் 3 ஆகக் குறைத்தார்கள். நம் குவானில் பெட்ரோனாஸ் மனமுவந்து போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 32 வருடம் கழித்து, 2020 முடிவில், லாபத்தையும் சேர்த்து அதில் இருந்தது 20 பில்லியன் ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. மூன்று பத்தாண்டுச் சேமிப்பு ஒரே ஒரு நல்ல வருடத்து லாப ஈவைக்கூட எட்டவில்லை.

நார்வேயோடு ஒப்பிடுவது முழு நியாயம் இல்லை என்பது எனக்கும் தெரியும். எண்ணெய் வருவதற்கு முன்பே அங்கே பள்ளிக்கூடம், மருத்துவமனை, மின்சாரம் எல்லாம் இருந்தன. பெட்ரோனாஸ் ஆரம்பித்த 1974இல் இங்கே எத்தனையோ தோட்டத்து லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான். அந்தப் பணத்தில் கம்பம் நட்டு மின்சாரம் இழுத்ததைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் பிள்ளை பசியோடு இருக்கும்போது அரிசி டின்னை நிரப்பி மூடி வைப்பதற்குப் பெயர் சேமிப்பு அல்ல. நான் கேட்பது 1974ஐப் பற்றி அல்ல, 2012ஐப் பற்றி. அந்த வருடங்களில் பணக்காரர் காரும் ஏழை மோட்டார் சைக்கிளும் ஒரே மானிய விலையில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டன. அதுவும் பிள்ளைப் பசியா?

2014 இரண்டாம் பாதியில் எண்ணெய் விலை விழத் தொடங்கி, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. 2015 ஜனவரியில் ஒருமுறை, 2016 ஜனவரியில் இன்னொரு முறை, வருடம் பிறந்த உடனேயே வரவுசெலவுத் திட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். பெட்ரோனாஸ் லாப ஈவு 2016இல் 16 பில்லியனாக இறங்கியது. அந்தப் பள்ளத்தை எது நிரப்பியது? 2015 ஏப்ரல் 1 முதல் வந்த ஜிஎஸ்டி. விலை விழுவதற்கு முன்பே, 2013இல், அறிவித்த வரி அது. ஆனால் சரியாக அந்த நேரத்தில் வந்து வருடத்துக்கு 40 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தது. நான் அப்போது இடைநிலைப்பள்ளி முடித்திருந்தேன். எண்ணெய் விலை இறங்கியது எங்கோ கடலுக்கு நடுவில். எங்கள் தாமானில் சாமான் விலை ஏறியது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கஷ்டகாலத்துக்கு அரசாங்கம் எடுத்து வைக்கவில்லை என்பதால் கஷ்டகாலம் வராமல் போவதில்லை. அதன் பில் வேறு யாரிடமாவது போகும். யாரிடம் போகிறது என்பதை நான் 2020இல் வீட்டிலேயே பார்த்தேன்.

அப்பா பஸ் ஓட்டுநர். விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவது வேலை. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தினம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடந்த பாலத்தில் ஒரே இரவில் ஆள் இல்லை. பஸ் முதலாளி இரண்டு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார். பிறகு கையை விரித்துவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, பஸ்ஸுக்குத் தவணை கட்ட அவரிடமே பணம் இல்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. உதவித்தொகை வந்தது, சம்பள மானியம் வந்தது, வங்கித் தவணையைத் தள்ளி வைத்தார்கள். கடன் உச்சவரம்பை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 55 விழுக்காட்டிலிருந்து முதலில் 60 ஆகவும் 2021இல் 65 ஆகவும் உயர்த்தினார்கள். அதுவும் போதவில்லை என்றபோது ஊழியர் சேமநிதியின் கதவைத் திறந்துவிட்டார்கள். ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, கடைசியாக 2022இல் ஒரு சிறப்பு மீட்பு. நாலு முறையும் சேர்த்து மக்கள் எடுத்தது 145 பில்லியன் ரிங்கிட். அரசாங்கம் 32 வருடம் சேர்த்த குவான் நிதியைப் போல் ஏழு மடங்குக்கு மேல். இதையும் மக்களுக்குச் செய்த உதவி என்றுதான் அறிவித்தார்கள். எங்கள் தாமானில் சில வீட்டு வாசலில் வெள்ளைத் துணி தொங்கிய 2021 ஜூலையில், அதை உதவி இல்லை என்று சொல்கிற தைரியமும் யாருக்கும் இல்லை.

அப்பா எடுத்தது மொத்தம் 21,000 வெள்ளி. லெஸ்தாரியில் மாதம் 500ஆக ஒரு வருடத்துக்கு 6,000, சினாரில் 10,000, சித்ராவில் 5,000. அப்போது அவருக்கு வயது 53. நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். சாப்பாடு, வீட்டுத் தவணை, தங்கச்சியின் ஆன்லைன் வகுப்புக்கு ஒரு போன். ஆடம்பரத்துக்குப் போனது ஒரு காசு கிடையாது. அந்த 21,000ஐ எடுக்காமல் விட்டிருந்தால், வருடத்துக்கு 5.5 விழுக்காடு லாப ஈவு என்று கணக்குப் போட்டாலும், 60 வயதில் 30,000க்கு மேல் ஆகியிருக்கும். பெரிய நிறுவனத்தில் வேலை செய்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டவர்கள் தங்கள் கணக்கைத் தொடவே இல்லை. அவர்களில் சிலர் அந்த இரண்டு வருடத்தில் முன்பைவிட அதிகம் சேர்த்தார்கள். நாட்டுக்கு வந்த பஞ்சத்துக்கு யார் யார் எவ்வளவு கட்டினார்கள் என்ற பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றால் சேமநிதிக் கணக்குகளைப் பார்த்தால் போதும்.

அதே சமயம் குவானும் திறந்தது. 2021 ஏப்ரலில், தடுப்பூசி வாங்குவதற்காக. அது நல்ல செலவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊசி குடிமகன், அந்நியத் தொழிலாளி என்ற பேதம் இல்லாமல் எல்லாருக்கும் இலவசமாகப் போடப்பட்டது. ஆனால் திறந்த விதத்தைப் பாருங்கள். 1988 சட்டப்படி அந்தப் பணத்தை அந்தக் காரியத்துக்கு எடுக்க வழி இல்லை. சட்டத்தைத் திருத்த வேண்டும். நாடாளுமன்றமோ அவசரநிலைப் பிரகடனத்தால் ஜனவரியிலிருந்தே கூடவில்லை. ஆகவே ஓர் அவசரச் சட்டத்தில் திருத்தம் வந்தது. கேள்வி கேட்க ஆள் இல்லை, விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. காரணம் சரியாக இருந்ததால் நாமும் கண்டுகொள்ளவில்லை. தடுப்பூசிக்கு அப்படித் திறக்க முடிந்த பெட்டியை நாளை வேறு எதற்கும் அப்படியே திறக்கலாம்.

அப்போது பிரதமராக இருந்த முஹிடின் யாசின் மூவாரில் பிறந்தவர். இதே மூவாரில் சின்ன வயதைக் கழித்த இன்னொருவர், பாலத்துக்கு அந்தப் பக்கம், இதே மாதிரி ஒரு பெட்டியைத் திறக்கும் சாவியைக் கையில் வைத்திருந்தார். செல்லப்பன் ராமநாதன். எஸ்.ஆர். நாதன் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அவருடைய அப்பா மூவாரில், ரப்பர் தோட்டங்களின் வழக்குகளைப் பார்த்த ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் குமாஸ்தா. கடலைப் பார்த்த வீடு. 1925இல் நியூயார்க்கில் ஒரு பவுண்டு ரப்பர் 1 டாலரைத் தாண்டி விற்றது. 1932இல் அதே ஒரு பவுண்டு 3 காசுக்கும் கீழே போனது. ரப்பரை நம்பியிருந்த தோட்டம், கடை, அலுவலகம் எல்லாம் சேர்ந்து சாய்ந்தன. நாதனின் அப்பா கடனில் மூழ்கி 1932இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பையனுக்கு அப்போது 8 வயது. அந்தக் காலத்து ஜொகூரில் ஒரு குமாஸ்தா வீட்டுக்குக் கஷ்டகாலத்தில் கை கொடுக்கும் நிதி என்று ஒன்று இல்லை.

77 வருடம் கழித்து, 2009 ஜனவரியில், உலக நிதி நெருக்கடியின்போது சிங்கப்பூர் அரசாங்கம் தன் பழைய சேமிப்பைத் தொட முதல் முறையாக அனுமதி கேட்டது. கேட்ட பக்கத்தில் நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்னம். அனுமதி கொடுக்க வேண்டிய அதிபர் நாதன். முந்தைய அரசாங்கங்கள் சேர்த்து வைத்ததை இப்போதைய அரசாங்கம் தன் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது, அதிபரும் சம்மதிக்க வேண்டும் என்று 1991இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். இரண்டு சாவி. கேட்டது 4.9 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி. ஆட்களை வேலையை விட்டு அனுப்பாமல் வைத்திருக்க முதலாளிகளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது அதில் முக்கியமான திட்டம். உண்மையில் எடுத்தது 4 பில்லியன். 2011இல் அந்த 4 பில்லியனையும் திரும்பப் போட்டுவிட்டார்கள். எடுத்ததைத் திரும்பப் போடும் அரசாங்கம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

பெருந்தொற்றில் அந்தப் பெட்டி மறுபடி திறந்தது. 2020இலிருந்து மூன்று நிதியாண்டுகளில் சுமார் 40 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி எடுத்தார்கள். ஜொகூரில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. கடற்கரையில் நின்றால் தெரிகிற ஊர். இந்தப் பக்கம் மக்கள் தங்கள் முதுமைக்கு வைத்த பணத்தை எடுத்துச் சாப்பிட்டார்கள். அந்தப் பக்கம் அரசாங்கம் தன் பழைய பணத்தை எடுத்து ஆட்களை வேலையில் வைத்திருந்தது. சேமிப்பு வேண்டுமா வேண்டாமா என்பதற்கு இதைவிடப் பெரிய பதில் தேவையில்லை என்றுதான் நானும் நினைத்திருப்பேன், அந்த அண்ணனின் கதை இல்லாவிட்டால்.

அண்ணன் அப்போது உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் வொர்க் பெர்மிட்டில் இருந்தார். பாலம் மூடியதும் அங்கேயே தங்கிவிட்டார். முதல் இரண்டு வாரத்துக்குத் தங்க வைக்கும் செலவுக்காக, ஒரு ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 வெள்ளி என்று முதலாளிகளுக்கு சிங்கப்பூர் அரசாங்கம் கொடுத்தது. அதை மறைக்கக்கூடாது. ஆனால் பெரிய திட்டமான சம்பள உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். 2009இலும் அப்படித்தான். அண்ணனுடைய பெயரில் அவர் முதலாளி மாதாமாதம் அந்நியத் தொழிலாளர் லெவி கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பணம் சிங்கப்பூர் கஜானாவுக்குத்தான் போனது. கஷ்டகாலம் வந்தபோது, யாரை வைத்துக்கொள்வது என்ற கணக்கில், உதவி கிடைக்கும் ஆளை வைத்துக்கொண்டு கிடைக்காத ஆளை அனுப்பினார்கள். ஜூலையில் அண்ணன் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"அவங்க சேத்து வச்சாங்க, அவங்க ஆளுக்குக் குடுத்தாங்க. நம்ம ஆளுங்க சேத்து வைக்கல. இதுல நான் யார்கிட்ட கோவப்படறது?" என்றார்.

ஒரு தொழிலாளியின் பெயரில் வசூலித்த பணம், கஷ்டகாலத்தில் அவனை ஊருக்கு அனுப்பி வைக்கும் கதை மலாயாத் தமிழர்களுக்குப் புதிது அல்ல. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை உண்டாக்கினார்கள். தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருக்கும் தோட்ட முதலாளிகள் எல்லாரும் ஆள் கணக்குக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். அதிலிருந்துதான் தமிழ்நாட்டில் ஆள் சேர்க்கும் செலவு, கப்பல் கட்டணம் எல்லாம் போனது. ரப்பர் நல்ல விலைக்குப் போன வருடங்களில் நிதியும் வளர்ந்தது. 1930இல் விலை விழுந்தது. ஆணுக்கு 50 காசாக இருந்த நாள்கூலி சில வருடத்தில் ஏறக்குறையப் பாதியானது. வேலை இல்லாதவர்களைக் கப்பல் ஏற்றினார்கள். 1930இலிருந்து 1932க்குள் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான தென்னிந்தியர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த நிதியும் அரசாங்கமும் கட்டணத்தைக் கட்டின. நல்ல வருடத்தில் தமிழனின் உழைப்புக் கணக்கில் சேர்ந்த பணம், பஞ்ச வருடத்தில் அவனுக்கு ஒரு வழிப் பயணச்சீட்டு ஆனது.

எங்கள் பாட்டி லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தன் அப்பாவின் தம்பியை அப்படி அனுப்பிவிட்டதாகச் சொல்வார். "சித்தப்பா போனாரு, கடுதாசி ஒண்ணு வந்துச்சு, அப்பறம் இல்ல." அவ்வளவுதான் அந்தக் கதை. எங்கள் குடும்பத்தில் ஒரு கிளை அங்கே எங்கோ இருக்கலாம்.

அந்த நிதியின் மிச்சம் சுதந்திரத்துக்குப் பிறகு, 1958இல், தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயரில் தொடர்ந்தது. இந்த முறை தொழிலாளர் நலனுக்கென்றே. 1999இல் ஒரு சட்டம் கொண்டுவந்து அதைக் கலைத்தார்கள். இருந்தது அரசாங்கத்திடம் போய்ச் சேர்ந்தது. தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, தாமான்களாக மாறி, லயத்துக் குடும்பங்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத் தமிழனுக்கு ஒரு சேமிப்பு தேவைப்பட்ட நேரம் என்று ஒன்று இருந்தால் அதுதான். சரியாக அப்போதுதான் உண்டியல் மூடப்பட்டது.

ஆகவே அரசாங்கம் சேமிக்கணுமா என்ற கேள்விக்கு என் பதில் ஆமாம்தான். ஆனால் அந்த ஆமாம் மட்டும் போதாது. யாருக்குத் திறக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைக்காத சேமிப்பு, தேவைப்படும் அன்று கையில் பலம் இருப்பவர்களுக்குத்தான் திறக்கும். பசி வந்த பிறகு உட்கார்ந்து விதி எழுத முடியாது.

நான் வேலை செய்வது தண்ணீர்த் துறையில். ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் லிங்கியு அணை இருக்கிறது. 1990 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் கட்டியது. அது நேரடியாகக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதில்லை. மழை குறைந்து ஆறு மெலியும்போது கடல் நீர் உள்ளே ஏறி வரும். அப்போது அணையிலிருந்து தண்ணீர் விட்டு உப்பைக் கீழே தள்ளினால்தான் கீழே இருக்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீர் எடுக்க முடியும். எந்தத் துறை அணையானாலும் இயக்குபவர்களிடம் ஒரு வளைகோடு இருக்கும். இந்த மாதத்தில் நீர்மட்டம் இவ்வளவு இருக்க வேண்டும், அதற்கு மேல் இருந்தால் இவ்வளவு விடலாம், கீழே போனால் இதற்கு மேல் விடக்கூடாது. மழை நன்றாகப் பெய்கிற காலத்தில், யாருக்கும் தாகம் இல்லாதபோது, உட்கார்ந்து போட்ட கோடு அது. அப்படியும் வறட்சி நீண்டால் தடுமாறும். 2016 அக்டோபரில் லிங்கியு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. கோடு இருந்தும் அந்த நிலைமை. கோடே இல்லாத அணையை நினைத்துப் பாருங்கள்.

அதே கோடு இன்னொன்றும் சொல்லும். அணையை எப்போதும் விளிம்புவரை நிரப்பி வைக்கவும் கூடாது. வெள்ளம் வரும்போது தாங்க இடம் வேண்டும். சேமிப்பை மட்டுமே பெருமையாக நினைக்கும் அரசாங்கத்துக்கு இது பொருந்தும். சிங்கப்பூரிலேயே, இவ்வளவு சேர்த்து வைத்துக்கொண்டு இன்றைய ஏழைக்கும் முதியவருக்கும் ஏன் இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியும் சரியானதுதான். ஒழுகும் கூரைக்குக் கீழே பிள்ளைகள் படித்தால், அந்தக் கூரையை மாற்றுவதுதான் அந்த வருடத்துச் சேமிப்பு.

நம் நாட்டில் 2023இல் பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டம் நிறைவேறியது. பற்றாக்குறை 3 விழுக்காட்டுக்குள் வர வேண்டும், கடன் 60 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அதில் இலக்குகள் இருக்கின்றன. நல்ல காரியம். எவ்வளவு கடன் வாங்கலாம் என்று அது சொல்கிறது. எண்ணெய் விலை எதிர்பார்த்ததைவிட ஏறி, எதிர்பாராத பணம் வந்தால், அதில் எவ்வளவை ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கணிப்புக்கு மேல் வரும் எண்ணெய்ப் பணத்தில் இத்தனை பங்கு குவானுக்கு என்று ஒரு வரி. எடுக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் ஆளும் தரப்பு, எதிர்த்தரப்பு இரண்டும் சேர்ந்த பெரும்பான்மை வேண்டும் என்று ஒரு வரி. எடுத்தால் முதலில் வேலை இழந்தவர்களுக்கு, சேமநிதியில் குறைவாக இருப்பவர்களுக்கு, என்று ஒரு வரி. மூன்று வரிதான் கேட்கிறேன்.

பற்றாக்குறை இருக்கும்போது சேமித்து என்ன பயன், அந்தப் பணத்தில் கடனை அடைக்கலாமே என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்பார்கள். கணக்குப்படி அது சரி. அரசாங்க வருமானத்தில் 100 வெள்ளிக்கு 15 வெள்ளிக்கு மேல் இப்போது வட்டிக்கே போகிறது. கடனை அடைத்தாலும் அதுவும் ஒரு சேமிப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அடைத்த கடனை மறுவருடமே திரும்ப வாங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. பெயர் போட்ட ஒரு பெட்டியிலிருந்து எடுத்தால் தெரியும். தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் பெட்டி.

அப்பா இப்போது மறுபடி பஸ் ஓட்டுகிறார். வயது 57. பாலத்தில் முன்பைவிட நெரிசல், காலையில் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கிறது. எப்போது நிறுத்தப்போறீங்க என்று கேட்டேன். "அறுபதுல நிறுத்தலாம்னு இருந்தேன். இப்ப அறுபத்தஞ்சு" என்றார், வருத்தம் எதுவும் இல்லாமல், டீயை ஆற்றிக்கொண்டே. 2021இல் நாட்டுக்கு வந்த பஞ்சத்தை அவர் தன் பங்குக்கு இன்னும் ஐந்து வருடம் ஓட்டி அடைக்கப்போகிறார்.